புதுக் கணினிக்கு வந்த விக்கல்

வடமராட்சியிலிருந்து ஒரு தாயார் நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கின்றார். மூன்று வருடமாகக் கட்டிவந்த சீட்டுக் காசு கைக்கு வந்ததும், உயர்தரப் பரீட்சை முடித்து வீட்டிலிருக்கும் மகனிடம் அதனை ஒப்படைத்தாராம். மகனோ பூட்டி விற்கும் கணினியை வாங்காது, பாகங்களைத் தனித்தனியே தெரிந்தெடுத்துத் தன் கையாலேயே பூட்டியிருக்கின்றான். முதல் நாளே அது உயிர்பெற்று எழுந்தது. வீட்டாருக்கும் பெருமகிழ்ச்சி. ஆனால் விளையாட்டைத் தொடங்கினால், ஓடிக்கொண்டிருக்கும் காட்சி திடீரென்று ஒரு கணம் உறைந்து நின்று, பின்பு துள்ளி ஓடுகின்றதாம். "கடைக்காரன் பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டான், அல்லது நீதான் பூட்டத் தெரியாமற் கெடுத்துவிட்டாய்" என்கின்றார் தகப்பனார். மகன் சாப்பாட்டு மேசைக்கும் சரியாக வருவதில்லை. பொருளை மாற்றிக்கொள்ளக் கடை தந்த தவணையோ இன்னும் சில தினங்களில் முடிகின்றது. "கிராபிக்ஸ் கார்ட்டைத் திருப்பிக் கொடுப்பதா, அல்லது எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றுவிடுவதா?" என்பது அம்மையாரின் வினா.

தவணை குறுகியதாகையால் அவருக்குத் தபாலிலேயே விடை எழுதிவிட்டோம். எனினும் இதே முறைப்பாடு வேறு பல வீடுகளிலிருந்தும் வந்துகொண்டிருப்பதால், விடயத்தை இங்கே சற்று விரித்துக் கூறுதல் பொருந்தும்.

முதலில் இந்த விக்கல் யாது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். திரையில் நாம் காணும் அசைவு, ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும் தனித்தனிப் படங்களின் வரிசையேயாகும். செக்கனுக்கு 60 படங்கள் வருமாயின், ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லிசெக்கன் கிடைக்கின்றது. 144 படங்கள் வருமாயின் 6.9 மில்லிசெக்கன். இனி ஒரு சிறு கணக்குப் பாருங்கள். ஒரு செக்கனில் 59 படங்கள் ஒவ்வொன்றும் 15 மில்லிசெக்கனில் வந்துவிடுகின்றன. எஞ்சிய ஒரேயொரு படம் 115 மில்லிசெக்கன் எடுத்துக்கொள்கின்றது. கூட்டினால் சரியாக ஒரு செக்கன். படங்களும் சரியாக 60. மூலையில் ஓடும் எண் "60" என்றே காட்டும். கண்ணோ தடுக்கி விழும். "எண் நன்றாகத்தானே இருக்கின்றது" என்று தகப்பனாரும், "ஆனால் விக்குகின்றதே" என்று மகனும் வாதிட்டால், இருவர் சொல்வதும் உண்மையே.

இந்த நுட்பத்தை உலகம் கவனித்ததே பிந்தித்தான். ‘ரெக் ரிப்போர்ட்’ என்னும் சஞ்சிகைத் தளத்தில் ஸ்கொற் வாசன் என்பவர் 2011ஆம் ஆண்டிலே, சராசரி எண்ணை விடுத்து ஒவ்வொரு படமும் எடுத்த நேரத்தைத் தனித்தனியே அளந்து காட்டினார். அதன் பின்னரே கார்ட் தயாரிப்பாளரும் இக்குறையைப் பொருட்படுத்தத் தொடங்கினர். கடை விளம்பரங்கள் இன்றும் சராசரியையே பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. சராசரி என்பது விற்பவருக்கு உதவும் எண். விளையாடுபவருக்கு உதவுவது நேர வரைபடம். இன்ரெல் நிறுவனம் இலவசமாகத் தரும் ‘பிரசென்ற்மொன்’ என்னும் மென்பொருள் அதனை வரைந்து தரும். கோடு மட்டமாகச் சென்று இடையிடையே பனைமரம்போல் உயர்ந்து நின்றால், அங்கேதான் விக்கல்.

அடுத்து, வீட்டிலேயே பார்த்துத் தீர்க்கக்கூடியவை. இவற்றை விரைவிற் சொல்லிவிடுகின்றோம். திரையின் வயர் கிராபிக்ஸ் கார்ட்டிற் பூட்டப்பட்டுள்ளதா, அல்லது தவறுதலாகத் தாய்ப்பலகையின் துளையிற் பூட்டப்பட்டுள்ளதா என்று பின்புறம் சென்று பாருங்கள். 144 ஹேர்ட்ஸ் திரையை வாங்கியவர்கள் விண்டோஸின் திரை அமைப்பில் அது 60இலேயே நிற்கின்றதா என்று நோக்குங்கள். கார்ட் தாய்ப்பலகையின் மேலுள்ள நீண்ட துளையில் அமர்ந்திருக்க வேண்டும். கீழுள்ளதில் இருந்தால் அநேகமாகப் பாதை குறுகிவிடும். விளையாட்டை எஸ்.எஸ்.டி.யில் வையாது பழைய வன்தட்டில் வைத்திருந்தால், காட்சி மாறுந்தோறும் தாமதம் வருதல் இயல்பே. செயலியின் மேல் வைக்கும் குளிர்த்தியின் அடியிலே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை உரியாது பூட்டுவோரும் உளர். அப்படியானால் வெப்பம் ஏற ஏறச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எமது நாட்டின் சித்திரை வெயிலில், காற்றோட்டமில்லாத அறையில், சுவரோடு சேர்த்து வைத்த பெட்டிக்கும் ஏறக்குறைய அதே கதிதான்.

நினைவகத்தைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லவேண்டும். ஏனெனில் புதிதாகப் பூட்டுவோரிற் பலர் வழுக்கும் இடம் இதுவே. நான்கு துளைகள் கொண்ட பலகையில் இரண்டு நினைவகத் துண்டுகளைப் பூட்டும்போது, அவற்றை அருகருகே முதலிரண்டு துளைகளிற் பூட்டத்தான் எவருக்கும் தோன்றும். ஆனால் பெரும்பாலான பலகைகளில் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமான துளைகளே உரியவை. அருகருகே பூட்டினால் இரண்டு துண்டுகளும் ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்ளும். இருவழிப் பாதை ஒருவழிப் பாதையாகிவிடும். அன்றியும், பெட்டியின்மேல் 3200 என்று எழுதிய துண்டு, நாம் சொல்லாதவரை 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருப்பது சாதாரணம். பயோஸ் அமைப்புக்குட் சென்று எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற ஒரு தெரிவை இயக்கினாற்றான் காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வரும். ஒரு சதமும் செலவில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் விக்கல் தீரவில்லையாயின்? இங்கேதான் தகப்பனார்மார் பொறுமை காக்கவேண்டும். பூட்டியவனுடைய குறையும் அன்றி, கடைக்காரனுடைய வஞ்சனையும் அன்றி, அயல்நாட்டுத் தயாரிப்பாளரிடமிருந்தே புறப்பட்டு வரும் விக்கல்களும் உள.

2021ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மைக்ரோசொப்ற் நிறுவனம் விண்டோஸ் 11ஐ வெளியிட்டது. அதற்கு ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டுமென நிபந்தனையும் விதித்தது. தனிச் சில்லாக அதனை வாங்கத் தேவையின்றி, ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் செயலிகள் அவ்வேலையைத் தம்முள்ளேயே செய்யவல்லன. பலரும் அதனை இயக்கினர். சிறிது காலத்தில் உலகின் பல பாகங்களிலிருந்தும் ஒரே முறைப்பாடு எழுந்தது: நாளில் ஒருமுறையோ சிலமுறையோ, காரணமின்றி, படமும் ஒலியும் சேர்ந்து கணினி முழுவதுமே திக்கி நின்று பின்பு தொடர்கின்றது. கார்ட்டை மாற்றியவர்கள் உளர். நினைவகத்தை மாற்றியவர்கள் உளர். விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றியவர்கள் உளர். ஒன்றும் பலிக்கவில்லை. 2022 மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனமே உண்மையை ஒப்புக்கொண்டது. அந்தப் பாதுகாப்பு வசதி, தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு நினைவுச் சில்லோடு இடையிடையே நெடுநேரம் கொடுக்கல் வாங்கல் செய்கின்றதாம். அது முடியும்வரை கணினி காத்து நிற்கின்றதாம். அவ்வாண்டு மே மாதந் தொட்டு, தாய்ப்பலகை செய்வோர் புதிய பயோஸ் மூலம் பரிகாரம் வழங்கினர். அத்துடனும் கதை முற்றவில்லை. 2023இல் லினக்ஸ் உலகிலும் இதே விக்கல் தலைகாட்ட, அதன் தந்தையாகிய லினஸ் ரோவால்ட்ஸ் சினங்கொண்டு எழுத, அந்த வசதியிலிருந்து எழுந்தமான எண்களைப் பெறும் வழக்கத்தையே அவர்கள் ஏ.எம்.டி. கணினிகளில் நிறுத்திவிட்டனர்.

அம்மையாரின் மகன் பூட்டியதும் ஏ.எம்.டி. செயலியின் முந்திய வகையே. புதிய செயலி, புதிய பலகை என்றாலும், பலகை நெடுங்காலம் களஞ்சியத்திற் கிடந்திருந்தால் அதனுள் இருப்பது பழைய பயோஸாக இருக்கலாம். ஆகவே பயோஸின் திகதியைப் பாருங்கள். 2022 நடுப்பகுதிக்கு முந்தியதாயின், பலகை செய்தோரின் தளத்திலிருந்து, அதே இலக்கமுள்ள பலகைக்குரியதை மட்டும் எடுத்துப் புதுப்பியுங்கள். இரண்டு எச்சரிக்கைகள். புதுப்பித்துக் கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் பலகையே செயலற்றுப் போகலாம். 2022இன் மின்வெட்டுக் காலத்தை நாம் மறந்துவிடவில்லை; இடிமுழக்கம் கேட்கும் மாலைப்பொழுதிலும் இவ்வேலை வேண்டாம். மற்றையது: விண்டோஸ் வன்தட்டைப் பூட்டி வைத்திருக்குமாயின், புதுப்பித்தபின் அதன் மீட்புத் திறவுகோலைக் கேட்கும். முன்னரே அதனை ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை விக்கல் விளையாட்டுக்குள்ளேயே பிறப்பது. ஒளி, நிழல், நீர், புகை என்பனவற்றை எவ்வாறு வரைவது என்று கார்ட்டுக்குச் சொல்லும் சிறு கட்டளைத் தொகுதிகளுக்கு ‘ஷேடர்’ என்று பெயர். பிளேஸ்ரேஷன் போன்ற பெட்டிகளில் உள்ளுறுப்பு ஒரேவகையாதலால், அவற்றை முன்னரே சமைத்துக் கொடுத்துவிடலாம். கணினியிலோ வீட்டுக்கு வீடு கார்ட் வேறு. ஆகவே அரைகுறையாய்ச் சமைத்து அனுப்பி, உங்கள் கணினியிலேயே இறுதிப் பாகம் செய்யப்படுகின்றது. வெடியொன்று முதன்முறை வெடிக்கும் அந்தக் கணத்திலேயே இச்சமையல் நடந்தால், பந்தியில் அமர்ந்தவர் காத்திருக்க வேண்டியதுதான். 2022 டிசம்பரில் வெளிவந்த ‘கலிஸ்ரோ புரொற்றோகோல்’ என்னும் விளையாட்டு இக்குறையால் விலையுயர்ந்த கணினிகளிலும் திக்கியது. உடனடியாகத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. 2023 மார்ச்சில் கணினிக்கு வந்த ‘லாஸ்ற் ஒவ் அஸ்’ முதற் பாகமோ, ஆட்டம் தொடங்குமுன்னரே யாவற்றையும் சமைக்க முற்பட்டு நெடுநேரம் காக்க வைத்தது.

இதனைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. விளையாட்டில் ஒரே தெருவால் இரண்டு முறை நடந்து பாருங்கள். முதல்முறை விக்கி, இரண்டாம்முறை விக்காது சென்றால் குற்றம் ஷேடருடையது, சமைத்தது சேமிக்கப்பட்டுவிட்டது. கார்ட்டுக்குரிய மென்பொருளைப் புதுப்பித்தால் சேமிப்பு அழிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு முறையும் அதே இடத்தில் விக்கினால், அது பெரும்பாலும் அந்த விளையாட்டை ஆக்கியோரின் குறை. எங்கு சென்றாலும், எந்த விளையாட்டை ஆடினாலும் விக்கினாற்றான் உங்கள் கணினியை ஐயுறவேண்டும்.

ஆக்கியோரின் குறை என்றதும் 2021இல் வந்த ‘ரெசிடென்ற் ஈவில் வில்லேஜ்’ நினைவுக்கு வருகின்றது. திருட்டுப் பிரதியைத் தடுக்கவென அதற்குள் வைத்த பூட்டே விக்கலுக்குக் காரணம் என்பது, அப்பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி வழுவழுப்பாக ஓடியபோதுதான் தெரியவந்தது! காசு கொடுத்தவன் திக்க, கள்ளன் சுகமாக விளையாடினான். அவ்வாண்டு யூலையில் கப்கொம் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. நேர்மையாக வாங்கியவரை இவ்வாறு தண்டித்ததை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது என்பது எமது அபிப்பிராயம்.

இனி, கடைக்குச் செல்வது எப்போது? கார்ட் உண்மையாகவே பழுதாயின், அது வெறும் விக்கலோடு நிற்பது அரிது. திரையில் நிறப் புள்ளிகள் சிதறும். படம் கறுத்துப் போகும். விளையாட்டு அறுந்து வெளியே வந்து விழும். இவை காணப்படின் தாமதியாது செல்லுங்கள். காணப்படாவிடின், சிநேகிதன் ஒருவனுடைய கணினியில் அந்தக் கார்ட்டைப் பூட்டி, அதே விளையாட்டை ஆடிப்பாருங்கள். அங்கும் விக்கினால், அதனைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து, பற்றுச்சீட்டோடு கடைக்காரர் முன் வையுங்கள்; அவர் மறுக்க இயலாது. அங்கு விக்காவிடின் கார்ட்டை மாற்றுவதால் பயனில்லை. தம்பிக்கு ஒரு வார்த்தை: ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, மாற்றியதைக் கொப்பியில் எழுதிவை. ஐந்தை ஒருங்கே மாற்றினால், தீர்ந்தாலும் எதனால் தீர்ந்ததென்று அறியாய். கார்ட்டைக் கழற்றும்போது துளையின் நுனியிலுள்ள சிறு கொளுக்கியை அமுக்கிக்கொண்டு கழற்று. மறந்து இழுத்தால் பலகையே உடையும். அதற்கு எந்தக் கடையும் உத்தரவாதம் தராது.

கண்டி நேயருக்கு: தாங்கள் எழுதியிருப்பது விக்கலன்று. மற்றவர்களோடு இணையத்தில் ஆடும்போது மட்டும், ஓடிய வீரன் பின்னுக்கு இழுபட்டு முன்நின்ற இடத்துக்கே வருகின்றான் என்கின்றீர்கள். தனியே ஆடும்போது குறையில்லை என்றும் எழுதியிருக்கின்றீர்கள். அது இணைப்பின் தாமதம். ரௌற்றரிலிருந்து கணினிக்கு ஒரு வயரை நேரே இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். புதிய கார்ட்டுக்கு இப்போது காசு கொடுக்கவேண்டாம்.