அட்டைப்பெட்டியில் அச்சடித்த வேகம்

2011-இல் தொடங்கி தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுத்த மடிக்கணினிகளில் சில இன்னும் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடுகின்றன என்பது பெருந்தன்மையான வார்த்தை. ஆன் செய்துவிட்டு டீ போடப் போகலாம். இப்படிப்பட்ட லேப்டாப்புக்கு ‘7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் போடுங்க, பறக்கும்’ என்று யோசனை சொல்பவர்கள் இன்றும் உண்டு. கேட்காதீர்கள்.

இவற்றில் வழக்கமாக இருக்கும் ஹார்டு டிஸ்கில், நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி எடுக்கும். வேண்டிய தகவல், அதைப் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி. 7,200-இல் அது நான்கு சொச்சம். ஹெட் இடம்விட்டு இடம் நகரவே பத்துக்கு மேல் ஆகிறது. அதில் பெரிய மாற்றம் கிடையாது. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் படிக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் இதே காத்திருப்புதான். ஹார்டு டிஸ்குக்குப் பதில் போடக்கூடிய, சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலவோ நகரவோ எதுவும் இல்லை. 0.1 மில்லி விநாடி அளவில் வேலை முடிந்துவிடும்.

அதற்காக விலை கூடிய எஸ்எஸ்டியைத் தேடி அலையவும் வேண்டாம். அட்டையில் விநாடிக்கு 550 எம்பி என்று போட்டிருப்பார்கள். டிரைவைச் சாட்டா 2 இணைப்பில் மாட்டும் பழைய போர்டில் அது 280-ஐத் தாண்டுவதே அரிது. போகட்டும், குறைய வேண்டியது தேடும் நேரம், அது எப்படியும் குறைந்துவிடும். நம்பகமான கம்பெனியின் சாதாரண இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும்.

வாங்கும் முன் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். சாட்டா எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் 7 மி.மீ. தடிமன். 9.5 மி.மீ. இடத்தில் ஆடினால் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் சரி. எம்.2 ஸ்லாட் என்றால் அது சாட்டாவா என்விஎம்இயா என்று மாடல் எண்ணைப் போட்டு உறுதிசெய்யுங்கள். சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ அட்டை சிக்கென்று உட்கார்ந்துகொண்டு வேலை மட்டும் செய்யாமலிருக்கலாம். மலிவான குட்டி லேப்டாப்கள் சிலவற்றில் சேமிப்புக்கான இஎம்எம்சி சிப்பைப் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். வேறு ஸ்லாட்டும் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ரேம் 2 ஜிபி மட்டுமே என்றால், கூடவே அதையும் ஏற்றுங்கள். கழற்றிய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி கேஸில் போட்டுப் படங்களின் நகலை வையுங்கள். எஸ்எஸ்டி சாகும்போது பல நேரம் டிக் டிக் என்று முன்னறிவிப்பு கொடுப்பதில்லை.

- கட்டுரையாளர், கணினி வன்பொருள் பொறியாளர்