சுவரில் ஓதமா? பெயிண்டு அதற்கு மருந்து அல்ல!

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் இருக்கிறது அருள்புரம். மழை குறைந்த கொங்கு மண். வெயிலுக்குப் பஞ்சம் இல்லை.

அப்படிப்பட்ட ஊரில், வீட்டுச் சுவர் நனையுமா?

நனைகிறது! தரையிலிருந்து இரண்டு அடி, மூன்று அடி உயரத்துக்கு ஓதம் ஏறுகிறது. பூச்சு பொரிந்து உதிர்கிறது. வெள்ளை வெள்ளையாக உப்பு பூக்கிறது. பாய் விரித்துப் படுத்தால், காலையில் பாயின் அடி ஈரமாக இருக்கிறது. பீரோவின் பின்னால் பூஞ்சணம் படர்கிறது.

பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் குடி இருக்கும் லைன் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. நிலம் சரிவாக இருந்தால், பின் சுவரில் பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். சாலை ஓரம் என்றால், சாலை உயர்ந்து உயர்ந்து, வீட்டுத் தரை பள்ளத்தில் கிடக்கும்.

குடி இருக்கும் பெண் சொல்கிறாள்: "அக்கா, சுவரெல்லாம் ஈரமா இருக்கு. பிள்ளைக்குச் சளி விடவே மாட்டேங்குது."

வீட்டுக்கார அம்மாள் சொல்கிறார்: "அதுக்கென்ன கண்ணு, பொங்கலுக்குப் பெயிண்டு அடிச்சுத் தந்துடறேன்!"

பொங்கலுக்குப் பெயிண்டு வரும். ஐப்பசி மழைக்கு அது உரிந்துவிடும்!

வீட்டுக்கார அம்மாள் கெட்டவர் அல்ல. நோய் எது, மருந்து எது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஓதத்தை மறைப்பது வீண் செலவு. தண்ணீர் வரும் வழியை அடைப்பதுதான் வைத்தியம். அந்த வைத்தியத்தைச் செய்து தருவது வீட்டுக்காரரின் கடமை.

தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது?

ஒரு பனியன் துணியை எடுங்கள். அதன் ஓரம் மட்டும் வாளித் தண்ணீரில் படும்படி தொங்கவிடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் துணியில் மேலே ஏறி இருக்கும்.

செங்கல்லும் அப்படித்தான். அதில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உண்டு. ஈர மண்ணில் நிற்கும் செங்கல் சுவர், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை இழுக்கிறது.

மழை இல்லாத ஊரில் தண்ணீர் ஏது என்று கேட்பீர்கள். குளியல் அறைத் தண்ணீர் இருக்கிறது. பாத்திரம் கழுவிய தண்ணீர் இருக்கிறது. ஒழுகும் குழாய், கசியும் செப்டிக் டாங்கி, சாக்கடை இல்லாத சந்து எல்லாம் இருக்கின்றன. சுவர் ஓரத்தில் ஆண்டு முழுவதும் மழைதான்!

உப்பு செய்யும் கேடு

சமையல் அறை உப்பு ஜாடியைப் பாருங்கள். மழைக் காலத்தில் உப்பு நீர்த்துவிடும். அதில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உப்பே இழுத்துக் கொண்டது.

சுவரில் ஏறிய உப்பும் இதையே செய்கிறது. சுவர் காயும்போது அந்த உப்பு கல் கல்லாக இறுகிப் பூச்சைப் பிளக்கிறது.

திருப்பூர்க்காரர்களுக்கு உப்பின் கதை தெரியும். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயப்பட்டறைக் கழிவு பல ஆண்டுகள் நொய்யலிலும் நிலத்திலும் கலந்தது. 2011 ஜனவரியில், சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு, கழிவு நீரை வெளியே விடாமல் சுத்தம் செய்து, திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தது. அருள்புரத்தில் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அதில் முன்னோடிகளில் ஒன்று.

நல்ல மாற்றம்தான். ஆனால், மண்ணில் சேர்ந்த உப்பு ஓர் உத்தரவில் ஓடிப் போகாது!

ஆகவே, உப்புத் தண்ணீரில் சிமெண்டு குழைக்காதீர்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர விதி (ஐ.எஸ். 456). வீடு கட்டும் முன் போர் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். வீட்டுச் செலவில் அது ஒரு தூசி.

பிள்ளையின் மூச்சு

ஓதத்தால் சுவர் மட்டுமா கெடுகிறது? ஈர வீட்டிலும் பூஞ்சணம் பிடித்த வீட்டிலும் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் வரும் வாய்ப்பு 75 சதவீதம் வரை கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்னது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்று ஓர் ஊர். அங்கே வாடகைக் குடியிருப்பில் இருந்த அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டில் படர்ந்த பூஞ்சணமே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். தந்தை முன்பே முறையிட்டிருந்தார். அவருக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? "மேலே பெயிண்டு அடித்துக் கொள்ளுங்கள்!"

அந்தக் குழந்தையின் பெயரால் அங்கே சட்டம் வந்துவிட்டது. ஓதம், பூஞ்சணம் பற்றிப் புகார் வந்தால், குறித்த நாட்களுக்குள் பழுது பார்க்க வேண்டும் என்ற விதி, அங்குள்ள சமூகக் குடியிருப்புகளுக்கு 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

வைத்தியம் இதுதான்

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்தால், ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால், ஈரம் வீட்டுக் காற்றில் இருக்கிறது. சன்னலைத் திறந்து வையுங்கள்.

ஈரம் சுவரிலிருந்து வந்தால், வெளியே போய்ப் பாருங்கள். ஒழுகும் குழாயை மாற்றுங்கள். சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை வெட்டி எடுங்கள். சுவரைச் சுற்றி மூன்று அடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் போடுங்கள். பாதி ஓதம் இதிலேயே நின்றுவிடும்!

பிறகு, ஈரம் தெரியும் இடத்துக்கு மேலே ஓர் அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது. காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி, வெளியே கொட்டுங்கள்.

அடுத்தது பொறுமை. சுவர் காய, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம்! அவசரப்பட்டு சிமெண்டு பூசி, பிளாஸ்டிக் பெயிண்டு அடித்தால், உள்ளே சிக்கிய ஈரம் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு நல்லது. அதன் வழியே சுவர் மூச்சு விடும்.

மண்ணுக்குள் இருக்கும் சுவருக்கு வைத்தியம் வேறு. உள்ளே எதைப் பூசினாலும், பின்னால் இருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே, வெளிப்பக்கம் சிறிது சிறிதாகத் தோண்டுங்கள். சுவருக்குத் தாரோ, நீர் புகாத பூச்சோ பூசுங்கள். அடியில் துளையிட்ட குழாய் பதித்து, அதைச் சுற்றி ஜல்லி கொட்டுங்கள். தேங்கும் தண்ணீர் குழாய் வழியே பள்ளத்துக்குப் போய்விடும். தோண்டும்போது அனுபவம் உள்ள கொத்தனார் கூடவே இருக்க வேண்டும். கடைக்காலுக்குக் கீழே தோண்டிவிட்டால், வீட்டுக்கே ஆபத்து!

தரை ஓதத்துக்கு, மேலே டைல்ஸ் ஒட்டினால் போதாது. தரையைப் பெயர்த்து, பெரிய ஜல்லி பரப்பி, அதன் மேல் கனமான பாலிதீன் விரித்து, அப்புறம்தான் கான்கிரீட் போட வேண்டும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு

நம் பெரியவர்கள் கருங்கல்லில் அடிக்கட்டு கட்டி, அதன் மேல் சுவர் எழுப்பினார்கள். கருங்கல் தண்ணீரை அதிகம் இழுக்காது. இன்று வேறு வழியும் உண்டு. பேஸ்மட்டத்துக்கு மேல், சுவர் தொடங்கும் இடத்தில், நீர் புகாத கலவை சேர்த்த கான்கிரீட்டை ஒன்றரை அங்குலத்துக்குப் போட்டால், ஓதம் அதற்கு மேல் ஏறாது. பேஸ்மட்டம் சுற்றியுள்ள நிலத்தைவிட ஒன்றரை அடியாவது உயர வேண்டும் என்கிறது தேசியக் கட்டிட விதி.

ஆனால், நாம் உயர்த்திக் கட்டினாலும், சாலை நம்மைவிட உயர்ந்துவிட்டால் என்ன செய்வது? பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் தார் போட வரும்போது, இதை நினைவுபடுத்துங்கள். கேட்பது உங்கள் உரிமை.

யார் செலவு?

"இவ்வளவும் செய்தால் வாடகை கூடுமே!" என்பார்கள். ஆண்டுதோறும் பெயிண்டு அடிக்கும் காசைக் கூட்டிப் பாருங்கள். காலியாகக் கிடக்கும் மாதங்களையும் சேருங்கள். ஒருமுறை ஒழுங்காகச் செய்வதுதான் மலிவு!

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய வாடகைச் சட்டமும், கட்டிடத்தின் பெரும் பழுதுகளைப் பார்ப்பதை வீட்டுக்காரர் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. குடி இருப்பவர்களும் சுவர் ஓரம் தண்ணீர் கொட்டக்கூடாது. ஒழுகும் குழாயை உடனே சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் குடி இருப்பவர் நாள் முழுவதும் நின்று, ஊருக்கெல்லாம் பனியன் தைக்கிறார். இரவில் அவர் பிள்ளை காய்ந்த தரையில் படுக்க வேண்டாமா?

இந்தப் பொங்கலுக்குப் பெயிண்டு வாங்கும் முன், சுவரின் வெளிப்பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள்!