ஐம்பதிலும் பாரம் தூக்கலாம்!



ஸுஜூதிலிருந்து எழும்போது முழங்கால் ஒத்துழைக்க மறுக்கிறதா? கதிரையில் அமர்ந்து தொழத் தொடங்கிவிட்டீர்களா? இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை அது. அதைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால், இயலக்கூடிய உடலை நாமே இயலாததாக்கிக் கொள்கிறோமா என்பதை ஒரு கணம் சிந்திப்போம்.

யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குப் பாரம் புதிதல்ல. கிணற்றில் நீரிறைத்துக் குடம் சுமந்தவர்கள் நாம். 1990 அக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் நகர முஸ்லிம்களை வெளியேற்றியபோது, குழந்தைகளைச் சுமந்து சென்றவர்களில் இருபது வயதுப் பெண்களும் இருந்தனர். அவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். சோனகர் தெருவுக்குத் திரும்பி வந்தவர்களின் வீடுகளில் இப்போது மோட்டார் நீரிறைக்கிறது. காஸ் சிலிண்டரை மகன் தூக்கி வைக்கிறான். இலகுதான். ஆனால் வேலையில்லாத தசை கரைந்து போகும். முப்பது வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையலாம் என்பர் வைத்தியர்கள். மாதவிடாய் நின்றபின் எலும்பும் வேகமாக மெலிகிறது.

இதற்குப் பாரம் தூக்கும் பயிற்சி ஒரு நல்ல மருந்து. அவுஸ்திரேலியாவில் எலும்பு மெலிந்த 101 பெண்களிடம் நடந்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. அவர்களின் சராசரி வயது 65. பயிற்றுநரின் கண்காணிப்பில் வாரம் இருமுறை, அரை மணி நேரம், எட்டு மாதங்கள் கனமான இரும்புத் தண்டைத் தூக்கிய பெண்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. அவர்களும் முதல் மாதம் இலேசான பாரத்தில் முறையைத்தான் கற்றார்கள்.

"பர்தாவுடன் இதெல்லாம் முடியுமா?" என்று கேட்கலாம். 2011இல் சர்வதேச பளுதூக்கல் சம்மேளனம் உடலை முழுதும் மறைக்கும் உடைக்கு அனுமதி அளித்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர் குல்சூம் அப்துல்லாஹ் என்ற சகோதரி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் ஸாரா அஹ்மத் தலையை மறைத்தபடியே வெண்கலம் வென்றார். நமக்குப் பதக்கம் வேண்டாம். முழங்காலில் பலமிருந்தால் போதும்.

எப்படித் தொடங்குவது? பிரஷர், இதய நோய், கருப்பை இறக்கம், பழைய எலும்பு முறிவு உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

முதல் நான்கு வாரங்கள் வெறும் தடியோடு பழகுங்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னே தள்ளிக் குனியுங்கள். தடி காலோடு ஒட்டியே வரட்டும். பாதத்தை நிலத்தில் அழுத்தி எழுங்கள். தூக்கியபடி உடலைத் திருப்பாதீர்கள். மூச்சை அடக்காமல், எழும்போது வெளியே விடுங்கள்.

பிறகு வாளியில் ஐந்து லீற்றர் நீர். அது ஐந்து கிலோ. எட்டுத் தடவை, மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். அடுத்தடுத்து இரண்டு நாட்கள் சிரமமின்றிச் செய்தால் மட்டும் ஒரு லீற்றர் கூட்டுங்கள். பெண்களுக்கான இரும்புத் தண்டே 15 கிலோ. அதற்கு அவசரம் வேண்டாம். அந்த நிலையை அடைந்தால், பெண்களுக்குத் தனி நேரம் உள்ள நிலையத்தில், பெண் பயிற்றுநரிடம் கற்பதே நல்லது. இன்னும் இரண்டு தடவை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓரிரு நாள் தசை நோவு இயல்பு. மூட்டில் குத்தும் வலி, காலுக்கு இறங்கும் வலி, சிறுநீர் கசிவு இருந்தால் பாரத்தை இறக்கிவிட்டு ஆலோசனை பெறுங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நோன்பு மாதத்தில் பாரத்தைக் குறைத்து, இஃப்தாருக்குப் பின் செய்யலாம். மீன், முட்டை, பருப்பு உங்கள் கோப்பையிலும் இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பரிமாறி மிஞ்சியது மட்டும் உங்கள் பங்கல்ல.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். இன்றே ஒரு தடியை எடுங்கள். வயோதிபத்திலும் நாமே எழுந்து நின்று அவனை வணங்கும் பலத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.