தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது

1/
கட்டட விதிகளை ஒழுங்கா அமல்படுத்துறது எப்படின்னு எங்க ஊர்ல ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம். நைட் டியூட்டி முடிச்சுட்டு நேரா போய் உட்கார்ந்தேன். கட்டுநர்கள் பேசினாங்க, பொறியாளர்கள் பேசினாங்க, மனை வியாபாரம் பண்றவங்க பேசினாங்க. கட்டணம், தளப்பரப்புக் குறியீடு, பார்க்கிங். மாடிப்படியைப் பத்தி ஒருத்தரும் பேசல.

2/
என் முறை வந்தப்போ மணி ஒன்றரை. "டாக்டர், எழுத்துபூர்வமா கொடுத்துடுங்க, பதிவு பண்ணிக்கிறோம்"னு சொன்னாங்க. சரி. இதுதான் அந்த எழுத்துபூர்வக் கருத்து. நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

3/
நான் கட்டட நிபுணர் இல்லை. எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு அரசு மருத்துவமனையில கேஷுவாலிட்டி பார்க்கிறவன். ஆனா ஒரு கட்டடம் தப்பா இருந்தா அந்தத் தப்பு முதல்ல வந்து சேர்றது எங்க ஸ்ட்ரெச்சர்லதான். அந்த உரிமையில எழுதறேன்.

4/
விபத்துன்னு யார் வந்தாலும் நாங்க விபத்துப் பதிவேட்டுல எழுதணும். ஏஆர்னு சொல்வோம். பேர், வயசு, முகவரி, அங்க அடையாளம், யார் கூட்டி வந்தது, என்ன காயம், எப்படி நடந்தது. போலீசுக்குத் தகவல் போகும். மாடியிலிருந்து விழுந்தவங்களுக்கு நாங்க வழக்கமா எழுதற வரி ஒண்ணு இருக்கு. தமிழ்ல சொன்னா: "மாடியிலிருந்து தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது."

5/
இந்த வரியை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன்னு கணக்கே இல்லை. அதுல 'தவறி' என்கிற ஒரே வார்த்தையில தப்பு முழுக்க விழுந்தவர் தலையில போயிடுது. கைப்பிடி இருந்துச்சா? சுவர் எவ்வளவு உயரம்? அந்த மாடிக்கு அனுமதி இருந்துச்சா? இதைக் கேட்க ஏஆர்ல இடமே இல்லை. நாங்களும் கேட்கிறதில்லை.

6/
ஒரு பையனைப் பத்திச் சொல்றேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன். நாலு வயசு. வாடகை வீடு, ரெண்டாவது மாடி. வெளிப்பக்கப் படிக்கட்டு, கைப்பிடியே கிடையாது. "அப்புறம் வைச்சுக்கலாம்"னு விட்டதாம். சாயங்காலம் பந்து உருண்டிருக்கு, பின்னாடியே இவனும் போயிருக்கான்.

7/
மயக்கத்துல கொண்டு வந்தாங்க. ஒரு பக்கக் கண்மணி விரிஞ்சிருந்தது. தலைக்குள்ள ரத்தம் கட்டி மூளையை அழுத்துதுன்னு அர்த்தம். மூச்சுக்குழாய் போட்டு, மருத்துவக் கல்லூரிக்கு 108-ல அனுப்பினோம். கூட வந்தவர் வீட்டுக்காரர். நல்ல மனுஷன், ஆட்டோவுக்கும் ஸ்கேனுக்கும் அவர்தான் ஓடினார். ஓரமா கூப்பிட்டு, "டாக்டர், வீட்டைப் பத்தியெல்லாம் எழுத வேண்டாமே"ன்னார்.

8/
எனக்குக் கோபம் வந்துச்சு. ஆனா அதுக்கு அடுத்து அந்த அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. "சார், வீட்டுக்காரரைப் பத்தி எழுதிடாதீங்க. அட்வான்ஸ் கொடுத்து வைச்சிருக்கோம். இந்த வாடகைக்கு வேற வீடு கிடைக்காது." குழந்தை உயிருக்குப் போராடிட்டு இருக்கும்போது ஒரு தாய் வீட்டுக்காக மன்றாடறாங்க. நான் எழுதினேன்: தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது.

9/
இப்போ விதிகளுக்கு வருவோம். விதி இல்லையா? தாராளமா இருக்கு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-லேயே வந்தது, 2016-ல திருத்தினாங்க. மொட்டைமாடி, பால்கனி ஓரத்துச் சுவரோ கைப்பிடியோ குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்கணும்னு அதுல இருக்கு. தமிழ்நாட்டுக்குன்னு 2019-ல ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தது. புத்தகத்துல குறை இல்லை.

10/
மின்கம்பி விஷயமும் அப்படித்தான். 11 ஆயிரம் வோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேல்வாக்கில் 3.7 மீட்டர் இடைவெளி வேணும். நம்ம தெருவுல நிமிர்ந்து பாருங்க. பால்கனியை வெளியே இழுத்துக் கட்டி, துணி காயப்போடற கொடிக்குப் பக்கத்துல கம்பி ஓடும்.

11/
அந்தக் கம்பியில பட்டவங்களுக்கு வெளியே தெரியற காயம் சின்னதா இருக்கும். உள்ளே தசை வெந்து போயிருக்கும். செத்த தசையிலிருந்து வர்ற புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் காபி நிறத்துல வரும். சில பேருக்குக் கையை எடுத்தாதான் உயிரைக் காப்பாத்த முடியும். பெரும்பாலும் கம்பி தூக்கிக்கிட்டு மாடி ஏறின கட்டடத் தொழிலாளி. வயசு இருபது இருபத்தஞ்சு.

12/
தீயில நிறைய பேர் வெந்து சாகறதில்லை, புகையில சாகறாங்க. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். சில நிமிஷத்துல ஆள் சாய்ஞ்சுடுவார். அந்தச் சில நிமிஷத்துல வெளியே வர ஒரு படி, ஒரு கதவு வேணும். விதியில எழுதியிருக்கிற மாற்று வழி எங்க கணக்குல ஒரு மருந்து. அதுக்கு மாற்று மருந்து எங்ககிட்ட இல்லை.

13/
கும்பகோணம், 2004 ஜூலை 16. 94 குழந்தைகள். கூரைக் கொட்டகை, குறுகலான படிக்கட்டு. மௌலிவாக்கம், 2014 ஜூன் 28. 11 மாடி சரிஞ்சு 61 பேர். அது அனுமதி வாங்கிக் கட்டினது என்பதை மறந்துடாதீங்க. பக்கத்துல இருந்த ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர்ல வெடி வைத்துத் தகர்த்தாங்க. திண்டுக்கல், 2024 டிசம்பர். தனியார் மருத்துவமனையில தீ, லிஃப்ட்டுக்குள்ளேயே மூச்சுத்திணறிப் போனாங்க.

14/
ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் ஆய்வு, நோட்டீஸ், சீல். அப்புறம்? வரன்முறை. 1999 பிப்ரவரி 28-க்கு முன்னாடி கட்டினவங்களுக்கு ஒரு வாய்ப்பு. 2007 ஜூலை 1-க்கு முன்னாடி கட்டினவங்களுக்கு 2017-ல இன்னொரு வாய்ப்பு. இதைப் பார்க்கிற கட்டுநர் என்ன புரிஞ்சுக்குவார்? இப்போ கட்டு, அடுத்த தேதி வரும், பணம் கட்டிக்கலாம். அபராதம் தண்டனையா இல்லாம விலைப்பட்டியல்ல ஒரு வரியா ஆயிடுது.

15/
2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனையில 3,500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட சுயசான்று போதும், உடனே அனுமதி. நான் இதை எதிர்க்கல. ஒரு வீட்டு அனுமதிக்கு மாசக்கணக்கா அலைஞ்சு கவர் கொடுத்த காலம் போனா நல்லதுதான். ஆனா கட்டறதுக்கு முன்னாடியும் யாரும் பார்க்க மாட்டாங்க, கட்டி முடிச்சப்புறம் நிறைவுச் சான்றும் வேண்டாம்னா, அந்தக் கைப்பிடியை முதல்ல பார்க்கிறது யாரு? சறுக்கி விழற குழந்தையா?

16/
பெரிய கட்டடங்களுக்கு நிறைவுச் சான்று இல்லாம மின் இணைப்பு கூடாதுன்னு விதி இருக்கு. 2024 டிசம்பர் 17-ல உச்ச நீதிமன்றமும் இதையே நாடு முழுக்கச் சொல்லிடுச்சு: சான்றைப் பார்த்துட்டுத்தான் மின்சாரம், தண்ணி, கழிவுநீர் இணைப்பு, பல வருஷம் ஆயிடுச்சுன்னு விதிமீறல் சட்டபூர்வமாகாது, தப்பா சான்று கொடுத்த அதிகாரி மேலயும் நடவடிக்கை. ஆனா கட்டுமானத்துக்கு வாங்கின தற்காலிக இணைப்புலயே குடித்தனம் நடக்கிற கட்டடத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க, நானும் பார்த்திருக்கேன்.

17/
"ஏழை ஒண்ணேகால் சென்ட்ல கட்டின வீட்டை இடிக்கச் சொல்றியா"ன்னு கமென்ட்ல கேட்பீங்க. இல்லவே இல்லை. பக்கவாட்டு இடைவெளி அரை அடி குறையறதும், படிக்கு கைப்பிடி இல்லாததும் ஒரே குற்றம் இல்லை. முதலாவதுக்கு அபராதம் வாங்கிக்கோங்க. ரெண்டாவதுக்கு பணமே வாங்காதீங்க, கைப்பிடியை வைக்கச் சொல்லுங்க. இரும்புக் குழாய், வெல்டிங் கூலி. என் ஐசியூவுல ஒரு நாள் செலவைவிட அது ரொம்பக் கம்மி.

18/
அடுத்தவங்களை மட்டும் சொல்லிட்டு நான் தப்பிக்க முடியாது. நான் வேலை பார்த்த ஒரு வார்டுல பின்வாசல் கம்பிக்கதவு எப்பவும் பூட்டியிருக்கும். அட்டெண்டர் கூட்டத்தைக் கட்டுப்படுத்தவாம். சாவி எங்கேன்னு ஒரு தடவை கேட்டேன். "வாட்ச்மேன்கிட்ட சார், அவரு நைட் ஷிப்ட்." சரின்னு ரவுண்ட்ஸ் போயிட்டேன். 30 படுக்கை, பாதிப்பேர் எழுந்து நடக்க முடியாதவங்க. திண்டுக்கல் செய்தி வந்த அன்னைக்குத்தான் எனக்கு அந்தப் பூட்டு ஞாபகம் வந்துச்சு. அரசாங்கம் முதல்ல தன் கட்டடத்துல பூட்டைத் திறக்கணும்.

19/
எழுத்துபூர்வமா கேட்டீங்களே, என் கோரிக்கைகள்:

ஒன்று. ஏஆர்ல ஒரே ஒரு வரி சேருங்க: "கட்டடக் குறைபாடு இருந்ததா?" விழுதல், மின்சாரம், தீ, திறந்து கிடந்த சம்ப். போலீசுக்குப் போற மாதிரி ஒரு நகல் உள்ளாட்சிப் பொறியாளருக்கும் போகட்டும். எந்தத் தெருவுல ஆள் விழறாங்கன்னு கண்டுபிடிக்க இதைவிடச் செலவு குறைஞ்ச வழி கிடையாது.

20/
ரெண்டு. நகல் வந்தா ஏழு நாளைக்குள்ள ஆய்வு. கைப்பிடி, சம்ப் மூடி, கம்பி இடைவெளி, வெளியேறும் வழி, இந்த நாலுக்கும் கெடு வைத்துச் சரிசெய்ய உத்தரவு. அந்தக் காரணத்துக்காகக் குடித்தனக்காரரைக் காலி பண்ண வைக்கக்கூடாதுன்னு அதே உத்தரவுல எழுதணும். இல்லைன்னா எந்த அம்மாவும் வாயைத் திறக்க மாட்டாங்க.

21/
மூணு. சுயசான்றுல அனுமதி வாங்கின வீடுகள்ல குலுக்கல் முறையில சிலதை எடுத்து நேர்ல ஆய்வு. பொய்யாக் கையெழுத்துப் போட்ட பொறியாளரின் பதிவு ரத்து. நான் தப்பா சர்டிபிகேட் கொடுத்தா மெடிக்கல் கவுன்சில் என்னைக் கேட்கும். அவங்களையும் யாராவது கேட்கட்டும்.

நாலு. தற்காலிக மின் இணைப்புக்குக் காலாவதித் தேதி.

அஞ்சு. உயிர்ப் பாதுகாப்பு விதிகளுக்கு இனி எந்தக் காலத்துலயும் வரன்முறை கிடையாது.

22/
ஆறு. அடுத்த கருத்துக் கேட்பை வேலை நாள் காலையில வைக்காதீங்க. தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்க, வாடகைக்கு இருக்கிறவங்களைக் கூப்பிடுங்க, கட்டடத் தொழிலாளியைக் கூப்பிடுங்க, கேஷுவாலிட்டி நர்ஸைக் கூப்பிடுங்க. கட்டறவங்களையும் விற்கிறவங்களையும் மட்டும் கேட்டுட்டு அதுக்குப் பொதுமக்கள் கருத்துன்னு பேர் வைக்காதீங்க.

23/
அந்தப் பையன் பிழைச்சுட்டான். ஆபரேஷன் ஆச்சு. வலது கால் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான், கை விரல் இன்னும் சரியா மடங்கல. மாசா மாசம் பிசியோதெரபிக்கு வருவான். போன தடவை ஓபி சீட்டுல முகவரியைப் பார்த்தேன். அதே வீடு. படிக்கட்டைப் பத்திக் கேட்டேன். "பழைய புடவையை முறுக்கிக் கட்டியிருக்கேன் சார்"னாங்க அந்த அம்மா.

24/
இந்த ஊர்ல கட்டட விதியை அமல்படுத்துற ஒரே ஆள் இப்போதைக்கு அவங்கதான். மத்தவங்க எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?

உங்க வீட்டு மாடிப்படியை இன்னைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. கருத்துக் கேட்புன்னு எங்க அறிவிப்பு வந்தாலும் ரெண்டு வரியாவது எழுதி அனுப்புங்க.