புதிய பதிப்பின் பின்னால் ஓடாதீர்கள்

உபுண்டு லினக்ஸில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. வந்த அன்றே மாறிவிடப் பலர் துடிக்கிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது தேவையே இல்லை என்பேன்.

இடையில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதம்தான் அப்டேட் கிடைக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் எல்.டி.எஸ். பதிப்புக்கு 5 ஆண்டு கிடைக்கும். 2024 ஏப்ரலில் வந்த 24.04-க்கு 2029 வரை கவலையில்லை.

நீங்கள் டெஸ்க்டாப்பைப் பார்த்துப் பார்த்து அழகுபடுத்தி வைத்திருப்பீர்கள். பதிப்பு மாறினால் க்னோம் டெஸ்க்டாப்பும் மாறும். நீங்கள் சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள் சில படுத்துவிடும். எழுதியவர் திருத்தித் தரும்வரை காத்திருக்க வேண்டும். (பெரும்பாலும் அவர் சம்பளம் வாங்காமல் எழுதுகிறவர். திட்டிப் பயனில்லை!)

இதற்குப் பயந்து சிலர் அப்டேட்டையே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. பாதுகாப்பு அப்டேட் வேறு, பதிப்பு மாற்றம் வேறு. பாதுகாப்பு அப்டேட் ஓட்டைகளை அடைக்க வருவது. உங்கள் வால்பேப்பர், ஐகான்களில் அதற்கு வேலையில்லை. வந்தவுடன் போட்டுவிடுங்கள்.

பதிப்பு மாற்றுவதற்கு முன் ஹோம் ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். முதலில் கன்ட்ரோல், எச் கீகளைச் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்களும் தெரியும். உங்கள் அலங்கார செட்டிங்குகள் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கின்றன.