வரிக் குறைப்பால் வயலுக்கு வராது வேப்பெண்ணெய்

2025 செப்டம்பர் 22 முதல், வேம்பு சார்ந்த மருந்துகள் உள்ளிட்ட உயிரிப் பூச்சிக்கொல்லிகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. தாவர மருந்துகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று இதைக் காட்டி மத்திய அரசு நினைக்குமானால், அது பெரும் பிழை. காரைக்கால் மாவட்டத்தின் வடபகுதியில், நண்டலாற்றுக்குத் தெற்கே உள்ள மண்டபத்தூர்ப் பக்கத்துக் கடைமடை வயல்களை எடுத்துக்கொள்வோம். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிரும் விடியற்காலைப் பனியும் சேரும்போது சம்பாவிலும் தாளடியிலும் குலைநோய் தலைகாட்டும். யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் முதலில் தலைகாட்டும். அந்த நேரத்தில் உழவருக்கு எளிதில் கிடைப்பது டிரைசைக்ளசோல் அல்லது கார்பன்டசிம் என்னும் ரசாயனப் பூஞ்சாணக் கொல்லிப் பொட்டலம்தான். பூஞ்சாணத்துக்கென்றே தரம் பார்த்து உருவாக்கிய தாவர மருந்து கடைக்கே வராதபோது, அதன் வரி ஐந்தானால் என்ன, ஒன்றுமே இல்லாமல் போனால் என்ன?

இத்தனைக்கும் பரிந்துரை நம் கையில் இருக்கிறது. நெல்லின் மற்றொரு பூஞ்சாண நோயான இலையுறை அழுகலுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் மருந்துகளில் 3 சதவீத வேப்பெண்ணெயும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறும் உண்டு. சீமைக் கருவேல இலைத்தூள் சாறும் நெய்வேலிக் காட்டாமணக்கு இலைத்தூள் சாறும்கூட உண்டு. ஹெக்டேருக்கு 25 கிலோ இலைத்தூள். பயிர் பொதி கட்டும்போது ஒரு தெளிப்பு, பதினைந்து நாள் கழித்து மறுதெளிப்பு. கருவையை வேரோடு பிடுங்கவும், வாய்க்கால்களை அடைத்து நிற்கும் காட்டாமணக்கை அகற்றித் தூர்வாரவும் அரசுகள் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. எந்தச் செடிகளை ஒழிக்கப் பணம் ஒதுக்குகிறோமோ, அவற்றின் இலையே கடைமடை நெல்லுக்கு மருந்து. இலையை உலர்த்தி, தூளாக்கி, சோதித்துப் பையில் கட்ட ஒரு கூட்டுறவுச் சங்கம் போதும். அதற்கு ஒரு திட்டம் இல்லை.

இங்கே முனிச் நகரில் நடந்த வழக்கை நினைவூட்டியே ஆக வேண்டும். வேம்பு வழக்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது பூச்சிகளைப் பற்றிய வழக்கு அல்ல என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994-இல் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை, வேப்பெண்ணெயைக் கொண்டு பயிரில் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கானது. சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவாவும் ஐரோப்பியப் பசுமைக் கட்சியினரும் பன்னாட்டு இயற்கை வேளாண் இயக்கக் கூட்டமைப்பும் அதை எதிர்த்தார்கள். இந்தியாவில் இது முன்பே நடைமுறையில் இருந்ததற்குச் சான்று வைத்தார்கள். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அந்தக் காப்புரிமையின் வாசகத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது கோரியது, அசாடிராக்டின் பெரும்பாலும் நீக்கப்பட்ட வேப்பெண்ணெயை. பூச்சியைத் தடுப்பது அசாடிராக்டின். பூஞ்சாணத்தைத் தடுக்க அது இல்லாத எண்ணெயே போதும் என்பது இதன் பொருள். நாமோ இன்றுவரை வேம்பு மருந்தை 300, 1,500, 10,000 பிபிஎம் என்று அசாடிராக்டின் அளவைக் கொண்டே தரம் பிரிக்கிறோம். பூச்சிக்கான அளவுகோலை வைத்துக்கொண்டு பூஞ்சாணத்துக்கான மருந்தை எப்படித் தேர்ந்தெடுக்க முடியும்? அமெரிக்காவில் அதே வகை எண்ணெய் ரோஜாவின் கரும்புள்ளி நோய்க்கும் சாம்பல் நோய்க்கும் பதிவு பெற்று வீட்டுத் தோட்டம்வரை விற்பனையாகிறது. வழக்கில் வென்றவர்கள் நாம்; எண்ணெயைப் பயன்படுத்துகிறவர்கள் அவர்கள்.

ரசாயன மருந்தைத் தடைசெய்ய நம் அரசுக்கு எவ்வளவு தயக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடைசெய்யும் வரைவு ஆணை வந்தது. அதில் மேன்கோசெப், கார்பன்டசிம், கேப்டான், தைரம் உட்பட எட்டுப் பூஞ்சாணக் கொல்லிகள் இருந்தன. 2023-இல் இறுதி ஆணை வந்தபோது எட்டில் முழுத் தடைக்கு உள்ளானது டினோகேப் மட்டும். மேன்கோசெப்பின் அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரிலேயே புதுப்பிக்க மறுத்துவிட்டது. அரிசியில் டிரைசைக்ளசோல் எச்ச வரம்பை அதே ஒன்றியம் 2018-இல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. பாசுமதி ஏற்றுமதி தடுமாறியது. 2022-இல் பஞ்சாப் அரசு டிரைசைக்ளசோலும் கார்பன்டசிமும் உட்பட பத்து மருந்துகளை 60 நாள் தடை செய்தது. ஐரோப்பியர் சாப்பிடும் அரிசிக்கு ஒரு நியாயம், காரைக்கால் ரேஷன் அட்டைதாரர் சாப்பிடும் அரிசிக்கு வேறொரு நியாயமா? இதை ஏற்பவர்கள் உழவர் நலன் பேசக்கூடாது.

தாவர மருந்து வெயிலில் சிதையும், மழையில் கரையும், சரக்குக்குச் சரக்கு வீரியம் மாறும் என்பார்கள். உண்மைதான். அதனால்தான் நோய் முற்றிய பிறகு அல்லாமல் முன்கூட்டியே, இடைவெளிவிட்டுத் தெளிக்கச் சொல்கிறார்கள். வீரியத்தைச் சோதிக்கத்தான் ஆய்வகங்கள் இருக்கின்றன. செலவு அதிகம் என்பது இன்னும் வலுவான வாதம்: ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் 3 சதவீதக் கணக்கில் 6 லிட்டர் வேப்பெண்ணெய் வேண்டும். ஆனால் 2015-இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியபோது எண்ணெய்க்கு வழி பிறந்ததே! உர ஆலைக்குத் திரட்ட முடிந்த எண்ணெயை உழவருக்குத் திரட்ட முடியாது என்பது மனமில்லாதவர்களின் பேச்சு. இலங்கையைப் பாருங்கள் என்று பயமுறுத்துவோரும் உண்டு. 2021-இல் அங்கே ரசாயன உரம், மருந்து இரண்டின் இறக்குமதியையும் மாற்று ஏற்பாடில்லாமல் திடீரென நிறுத்தினார்கள். இங்கே முதலில் கேட்பதே அந்த மாற்று ஏற்பாட்டைத்தான்.

காரைக்காலில் இதைத் தொடங்குவதற்குத் தடை எதுவும் இல்லை. செருமாவிலங்கையில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி 1987 முதல் இயங்குகிறது. மாவட்டம் சிறியது; மண்டபத்தூர்க் கடற்கரை தொடங்கிக் கருவைக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரி அரசு வரும் சம்பாவுக்குள் இலைத்தூளையும் வேப்பெண்ணெயையும் மானிய விலையில் வேளாண் துறைக் கிடங்குகளுக்குக் கொண்டுவர வேண்டும். மூன்றே பருவங்களில் கார்பன்டசிம், டிரைசைக்ளசோல் விற்பனையை மாவட்டம் முழுவதும் நிறுத்த வேண்டும்.