உத்தியோகத்தின் நடுவே ஒரு பட்டம்

நம் கலாசாலையினின்று வெளியேறி, விற்பனையிலும் விளம்பரத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த பழைய மாணவர் பலர், மேற்பதவியை நாடி மீண்டும் படிக்க விழைகின்றனர். “எப்பட்டம் பெறலாம்?” என்பதே அவர்கள் வினா. அதற்கு முன்னரே எழவேண்டிய வினா மற்றொன்றுண்டு என்பது நம் கருத்து. “எம்மிடம் இல்லாத அறிவு யாது?” என்பதே அது.

இவ்விருப்பம் புதியதன்று. 1908-ம் ஆண்டில் ஹார்வர்ட் சர்வகலாசாலை எம்.பி.ஏ. வகுப்பைத் தொடங்கிற்று. 1943-ல் சிகாகோ சர்வகலாசாலை, உத்தியோகஸ்தர் தம் வேலையை விடாமலே அப்பட்டத்தைப் பெற வழி வகுத்தது. ஆகவே வயது ஒரு தடையன்று. தேர்விலேதான் இடர் உளது.

சந்தையிலேயே நாள் கழித்தவர் சந்தையியலிலேயே மேற்பட்டம் பெறுவாராயின், தாம் முன்னமே அறிந்தவற்றிற்குப் புதுப்பெயர்களைக் கற்பதே பெரும்பயனாய் முடியலாம். பிலிப் கோட்லரை நோக்குக. 1967-ல் வெளிவந்த சந்தையியல் நூலால் உலகெங்கும் ஆசானாய்ப் போற்றப்பெற்ற அவர் பெற்ற பட்டங்களோ பொருளாதாரத்தில். அதன்பின் பயின்றவை கணிதமும், மனித நடத்தை பற்றிய சாஸ்திரமும் ஆம். பிற துறை அறிவே அவர் துறையை வளப்படுத்திற்று.

எனவே, ஐந்தொகைக் கணக்கைக் கண்டு மயங்குவோர்க்கு எம்.பி.ஏ. தகும். கணினி குவிக்கும் புள்ளிவிவரங்களைப் பிறர் விளக்கக் கேட்டே முடிவு செய்வோர் புள்ளியியலை நாடுக. வேறு தொழிலினின்று அண்மையில் இத்துறை புகுந்தோர்க்கே சந்தையியற் பட்டம் முதற்கண் வேண்டுவதாம்.

பட்டத்தின் பெயரிலும் மயங்கலாகாது. 1961-ல் தோன்றிய கல்கத்தா, ஆமதாபாத் மேலாண்மைக் கழகங்கள், 2017-ம் ஆண்டுச் சட்டம் பிறக்கும்வரை தம் மாணவர்க்கு எம்.பி.ஏ. பட்டமன்றி டிப்ளமாவே அளித்தன. அதனால் அவற்றிற் கற்றோரை எவரும் புறக்கணித்ததில்லை.

செலவையும் எண்ணுக. நாற்பதை நெருங்கும் குடும்பஸ்தர் ஈராண்டுச் சம்பளத்தை இழந்து, கடனும் படுவாராயின், அச்சுமை அவர்தம் மக்களின் படிப்பின்மீதும் விழும். மாலை வகுப்பும், வாரவிடுமுறை வகுப்பும், ஓராண்டுப் பாடமும் இந்நாளில் உள; அவற்றை முதலில் ஆராய்க. மேலதிகாரியைக் கண்டு, இப்படிப்பு எப்பதவிக்கு உதவும் என வெளிப்படக் கேட்பதிலும் இழுக்கில்லை.

அண்டைவீட்டார் பெற்றார் என்பதற்காகப் பட்டம் தேடுவோர் சுவரில் மாட்டுதற்கு ஒரு தாளையே பெறுவர். தம் குறையறிந்து கற்போரோ, தாள் வருமுன்னரே பயன் பெறுவர்.